ஆயிரத்துக்கு அறுபத்தொன்று

1934 ஜனவரி 9, செவ்வாய்

கை எரிகிறது. தட்டித் தட்டியே எரிகிறது!

சாயங்காலம் துறைமுகக் கிட்டங்கியில் சுகாதார இன்ஸ்பெக்டர் முத்துநாயகம் சார் படம் காட்டிப் பிரசங்கம் செய்தார். கதவுகளை அடைத்து, கொப்பரை மூட்டைகளுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டி, விளக்குப் பெட்டியிலிருந்து படம். யானை பெரிசில் ஒரு கொசு வந்தது, பிள்ளைகள் அலறின. நான் படத்தையா பார்த்தேன்? அவர் சொன்ன எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தாளையும் பார்க்காமல் சொல்கிறார்! மூன்று தடவை வந்திருக்கிறார், மூன்று தடவையும் முதல் வரிசையில் நான்தான். கெஜட்டில் வந்த அவர் பெயரை வெட்டி இந்த நோட்டின் அட்டையில் ஒட்டியிருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

கொல்லம் 1108-ஆம் ஆண்டில் நம் பனைத்துறையில் பிறப்பு 214. ஒரு வயதுக்குள் இறந்தது 13. ஆயிரத்துக்கு அறுபத்தொன்று. தாலுகாவிலேயே குறைவு! மீன்பிடிக்கிறவர்கள், சாயபுமார், மேலத்தெரு நாடார்கள், கப்பல் கம்பெனி வெள்ளைக்காரர்கள் என்று இத்தனை விதமான ஜனம் நெருங்கிக் கிடக்கும் துறையில் இது அதிசயம் என்றார். வெள்ளிக் கேடயம் வரப்போகிறதாம்.

"ஆகையால் இந்த வருஷம் தாலுகாவுக்குக் கிடைத்த ஒரே மிட்வைஃபை, உங்களுக்குத் தேவையில்லாத காரணத்தால், குலசேகரத்துக்கு மேலே ஒரு மலையூருக்கு அனுப்புகிறோம். அதற்கும் ஒரு முறை கை தட்டுங்கள்" என்றார்.

தட்டினோம். என் சத்தம்தான் பெரிசு.

ஜனவரி 10

13-ஐ 214-ஆல் வகுத்துப் பார்த்தேன். அறுபது புள்ளி ஏழு. சரிதான். அவர் தப்பே செய்ய மாட்டார்.

ஜனவரி 11, வியாழன்

ரீத்தா அக்காளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். விரல் விட்டு எண்ணி, ஒரு எண் விடாமல். ரேந்தை லேஸ் பின்னிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"ஏட்டி குளோரி, அந்தப் பதிமூணுல எம் பிள்ள உண்டா?"

போன பங்குனியில் அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை. இரண்டு மணி நேரம் இருந்தது. அழுதது, நான் கேட்டேன். பங்குச் சாமியார் அன்று அடுத்த ஊர்க் கோயிலில் இருந்தார். பேறு பார்த்த வயத்தாட்டிக் கிழவி அக்காளின் ரத்தப்போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தலையில் ஒரு கை தண்ணீர் ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்க முடியாது, அதுதான் வழக்கம். அக்காள் புருஷன் சிலுவை மச்சான் ஓலைப்பெட்டியில் எடுத்துப் போய், சுவருக்கு வெளியே தாழம்புதர் மணலில் வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு ஒரு வாரம் கடலுக்குப் போகவில்லை.

"இருக்கும் அக்கா."

"இருக்கும்ன்னு சொல்லாத. பாத்துட்டு வந்து சொல்லு."

அவளுக்கு இப்போது மாசம் நாலு.

ஜனவரி 15, திங்கள்

கோயில் புத்தகம் எழுதுகிற உபதேசியார் மரியஜான் மாமாவிடம் போனேன்.

"பேரு என்ன மக்கா?"

"பேரு இடல்ல மாமா. ரெண்டு மணி நேரந்தான்."

"பேரு இல்ல, ஞானஸ்நானம் இல்ல. பின்ன நான் என்னத்த எழுத? ஒண்ணு வந்துது, போச்சுன்னா?"

கெட்ட மனுஷன் இல்லை. புத்தகத்தைத் திறந்து காட்டவும் செய்தார். மூன்று மாசத்துக்கு ஒருமுறை பிறப்பு இறப்பு பதிகிற பகுதிக் கச்சேரியிலிருந்து குமாஸ்தா வந்து உட்கார்ந்து பார்த்தெழுதிக்கொண்டு போவாராம். ஞானஸ்நானம் எத்தனையோ அத்தனை பிறப்பு. சுவருக்கு உள்ளே எத்தனை அடக்கமோ அத்தனை இறப்பு.

"வயத்தாட்டிக் கிழவி அவசரத்துக்குத் தண்ணி ஊத்தின பிள்ளைய?"

"சாமியார் வந்து விசாரிச்சு ஒத்துக்கிடணும். அதுக்குள்ள மாசம் ஒண்ணாயிரும். பின்ன யாரு வந்து கேக்கா?"

"அப்ப சர்க்கார் புத்தகம்?"

"நம்ம புத்தகந்தாம்ட்டி சர்க்கார் புத்தகம். ஒரே சோலிய ரெண்டு இடத்துல எதுக்குச் செய்யணும்?"

இதைத்தான் இந்தக் கரையில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோயிலில் எழுதியாச்சு, பின்னே எங்கே போய் எழுத என்று அம்மாவும் கேட்பாள். நானும்தான்.

ஆக, தண்ணீர் விழாத பிள்ளை பிறக்கவில்லை. பிறக்காததால் சாகவும் இல்லை. அப்போ மச்சான் பெட்டியில சொமந்துட்டுப் போனது என்ன? கருவாடா?

பதிமூணுல அவ இல்ல அக்கா. இதை எப்படிப் போய்ச் சொல்ல?

ஜனவரி 16

சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரி 20, சனி

ஆத்திரம் பொறுக்கவில்லை. கன்னியாஸ்திரி மடத்தில் ரேந்தை பின்னும்போது கேட்டேவிட்டேன். போன கொல்லம் ஆண்டு, ஆவணியிலிருந்து ஆடி வரைக்கும், பிறந்து அழுது, புத்தகத்தில் ஏறாமல் போன பிள்ளை யாருக்கெல்லாம் உண்டு?

நாற்பது பேர் கை அப்படியே நின்றது. ஒருத்தி எழுந்து வெளியே போனாள். செத்தேன், இனி என்னை இந்த வாசலை மிதிக்க விடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்போது பேபி மைனி நூலைக் குத்தி நிறுத்துகிற தன் ரேந்தைத் தலையணையிலிருந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கினாள். என் தலையணையின் ஓரத்தில் குத்தினாள். போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்து இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. ஒருத்தி இரண்டு குத்தினாள், இரட்டைப் பிள்ளைகள். வெளியே போனவள் திரும்பி வந்து ஒன்று குத்தினாள். வாய் திறந்து ஒருத்தியும் சொல்லவில்லை. இத்தனை நாள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னினவர்களுக்கு ஒருத்திக்கு ஒருத்தி தெரியாது!

ரீத்தா அக்காள் கடைசியாக வந்து குத்தினாள்.

பதினேழு.

ஜனவரி 28, ஞாயிறு

பூசை முடிந்ததும் நடக்க ஆரம்பித்தேன், வெயில் சாயும்வரை நடந்தேன்.

சாயபு தெருவில் ஆறு. பள்ளிவாசல் புத்தகத்தில் ஊர்க்காரர் பிள்ளைகள் எல்லாம் உண்டு. கப்பல் வேலைக்கென்று வேறு கரையிலிருந்து வந்து குடியேறிய வீடுகளுக்கு ஜமாஅத்தில் பேர் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் இல்லை.

மேலத்தெருவில் எட்டு. அங்கே தலையாரிதான் மாசத்துக்கு ஒருநாள் விசாரிக்க வேண்டியவன். சொர்ணம்மாள் என்கிற அக்காள் நார் கிழித்துக்கொண்டே சொன்னாள்: "அவன் வேலிக்கு அந்தால நிண்ணு கூவுவான் பிள்ளே, பிறப்பு எறப்பு உண்டான்னு. எங்க வீட்டு ஆளு பனைமேல. நான் பெத்து பத்தாம் நாளு. முத்தத்துல வந்து நிண்ணு ஊரு கேக்க பதிலு கூவணுமா? அவன் இல்லன்னு எழுதிட்டுப் போயிருவான்."

கம்பெனி பங்களா தோட்டக்காரனிடமும் கேட்டேன். துரைக்குப் பிறந்து பதினோராம் நாள் காய்ச்சலில் போன குழந்தைக்குக் கல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. டாக்டர் மணிக்கு மணி எழுதிய நோட்டு இருக்கிறது. பதிமூன்றில் அது ஒன்று. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. கல்லைத் தொட்டுவிட்டுத்தான் வந்தேன். அதற்குக் கிடைத்த ஒரு தேதி, வெறும் ஒரு தேதி, மற்றதுக்கு ஏன் கிடையாது? அதுதான் கேள்வி.

17 + 6 + 8 = 31.
பிறப்பு 245. இறப்பு 44.
ஆயிரத்துக்கு நூற்று எண்பது!

மூன்று தடவை வகுத்தேன். நூற்று எண்பது. மிட்வைஃப் வேண்டாம் என்று கை தட்டிய ஊர்.

ஜனவரி 29

சிலுவை மச்சானுக்கு விஷயம் எட்டிவிட்டது. வலையைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலில் நின்று கத்தினார்.

"எம் பிள்ளைய ஊசியாக்கி குத்தி வச்சிருக்கியாமே? மூடுனது மூடுனதா கெடக்கட்டும்ட்டி! ஒனக்கு விளையாட்டுக்கு எம் பிள்ளதான் கெடச்சுதா?"

"மச்சான், நான் விளையாட்டுக்கு..."

"குத்தினது நாந்தான்" என்றாள் அக்காள், உள்ளேயிருந்து.

மச்சான் போய்விட்டார். சாப்பிட வரவில்லை. அக்காள் என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள், "அந்த மிட்வைஃபு ஆனிக்குள்ள வந்திருவாளா?"

ஆனியில் அவளுக்கு நாள்.

வர வைப்பேன். முத்துநாயகம் சாரிடம் கணக்கைக் கொடுத்தால் போதும். எண்ணுக்கு மதிப்புக் கொடுக்கிற மனுஷன்.

பிப்ரவரி 12, திங்கள்

முத்துநாயகம் சார் அம்மை குத்த வந்திருந்தார். கணக்கை, குண்டூசி எண்ணினதையும் சொல்லி, நல்ல தாளில் தெருவாரியாக எழுதிக்கொண்டு போனேன். அவரோடு பேசுவது இதுதான் முதல் தடவை.

"நல்ல கையெழுத்தாயிருக்கிறதே! யார் எழுதியது?"

"நாந்தான் சார்."

படித்தார். முகம் மாறியது. "இதெல்லாம் பதிவில் இல்லையே அம்மா. பதியாத மரணம் இலாகாவுக்கு மரணமில்லை."

"நாங்கதான் எண்ணியிருக்கோமே சார்."

"பகுதிக் கச்சேரியில் வந்து சொல்லியிருக்க வேண்டும்."

"சொல்லணும்ன்னு எங்கக்கிட்ட ஆரும் சொல்லல்லியே."

"சட்டத்தில் இருக்கிறது." பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த மாசம் கேடயம் வருகிறது, இப்போது போய்ப் பெண்பிள்ளைகள் ஊசி எண்ணின கணக்கை மேலே அனுப்பச் சொல்கிறாயா?"

பிறகு செய்ததை எழுதவே கூசுகிறது. மேசை ஆடிக்கொண்டிருந்தது. என் தாளை நாலாக மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகினார். மேசை நின்றது. அடுத்த பிள்ளையின் கையைப் பிடித்தார்.

முப்பத்தொரு பிள்ளையளும் அவன் மேசைக்குத் தாங்கலா? இந்த ஆளுக்கா நான் கை தட்டினேன்? இந்த ஆளு பேரையா வெட்டி ஒட்டினேன்?

அட்டையைச் சுரண்டியாயிற்று. பசை மட்டும் போக மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 14

சாம்பல் புதன். இந்தத் தபசு நோன்புக்கு ஏதாவது ஒன்றை விட வேண்டும், கோபத்தை விடலாம் என்று நினைத்தேன். முடியாது. கருப்பட்டியை விடுகிறேன்.

பிப்ரவரி 19, திங்கள்

பகுதிக் கச்சேரிக்கு நானே போனேன். கடற்கரை ஜனங்களைப் படிக்கு மேலே விட மாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே கச்சேரி அதிகாரி, பார்வத்தியார் தாணுலிங்கம் பிள்ளை, அவர் முன்னால் சாய்வு மேசை, அதில் பிறப்புப் புத்தகம் திறந்து கிடக்கிறது.

"பேரில்லாத பிறப்ப எழுதப்படாது. போ, கோயில்ல எழுதிட்டு வா."

புத்தகம் எனக்குத் தலைகீழாக இருந்தது. மலையாள அச்சு. பள்ளிக்கூடத்து வாசல் மிதிக்காதவள் நான். தமிழ் எழுத்து ஞானோபதேசப் புத்தகத்தில் தானாகப் படித்தது, கணக்கு ரேந்தைக் கண்ணி எண்ணிப் படித்தது, மலையாளம் கடையிலிருந்து உப்பு பொதிந்து வந்த கெஜட்டில் படித்தது. தலைகீழாக வாசிப்பது மட்டும் இன்றைக்குத்தான் படித்தேன்.

"ஐயா, மூணாங் கட்டத்துல 'பேரு, இட்டிருந்தால்'ன்னுல்லா அச்சடிச்சிருக்கு?"

"என்னது?"

"பேரு இட்டிருந்தா எழுதணும். இடல்லன்னா கட்டத்த வெறுமனே விடலாம். அதுக்கு அடுத்தது ஆணா பெண்ணா. அதுக்குத் தண்ணி ஊத்தணும்ன்னு இல்லியே ஐயா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் குனிந்திருந்தார். எத்தனை வருஷம் எழுதின புத்தகம்!

"ஒனக்கு ஆரு மலையாளம் படிப்பிச்சா?"

"உப்புக் காயிதம் ஐயா."

சிரிக்கவில்லை. "பழச எழுத முடியாது பிள்ளே. நாளு கழிஞ்சு போச்சு. இனி உள்ளத ஏழு நாளுக்குள்ள வந்து சொன்னா எழுதுவேன். ஆரு வந்து சொன்னாலும் எழுதுவேன்."

முப்பத்தொன்று போனதுதான். போகட்டும். இனிமேல் ஒன்று விடமாட்டேன்.

மார்ச் 5

மூன்று தெருவும் ஏறி இறங்கியாயிற்று. பிறந்த அன்றைக்கே கச்சேரி, அப்புறந்தான் கோயிலோ பள்ளிவாசலோ என்று வீடு வீடாகச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 24

கேடயம் வந்தது. பேண்டு வாத்தியத்தோடு. நான் வீட்டில் இருந்தேன்.

ஏப்ரல் 9, திங்கள்

உயிர்த்த திருநாள் கழிந்து ஒரு வாரம். கிணற்றடியில் இரண்டு பெண்கள், நான் கேட்க வேண்டும் என்றே பேசினார்கள்.

"இவ எண்ண ஆரம்பிச்ச பெறகுதான் பிள்ளைய இப்பிடிச் சாவுது."

"கண்ணு வச்சா கேக்கணுமா? கன்னி கழியாத குட்டிக்குப் பேறு நடக்குற வீட்டுல என்ன சோலி?"

குடத்தைப் போட்டு உடைத்திருப்பேன். முன்னேயும் செத்துதுட்டீ! முன்னே செத்தது ஒங்களுக்குச் சாவே இல்லியா? சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். அதில் ஒருத்தி மடத்தில் குண்டூசி குத்தினவள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோபமெல்லாம் இறங்கினபிறகு நினைத்துப் பார்க்கிறேன், அவள் என்ன செய்வாள்? குத்தினது நாலு பேருக்குத் தெரிந்துவிட்டதே.

மே 21, திங்கள்

பார்வத்தியார் ஆளனுப்பிக் கூப்பிட்டார். மூன்று மாசத்தில் பிறப்பு 68, குழந்தை இறப்பு 11. திடீரென்று ஏன் இந்த ஏற்றம், கொள்ளை நோயா என்று தாலுகாவிலிருந்து காகிதம் வந்திருக்கிறதாம்.

"என்ன பதிலு எழுதினீங்க ஐயா?"

வாசித்தே காட்டினார்: "முன்பு எழுதவில்லை. இப்போது எழுதுகிறோம். இத்துறைக்கு ஒரு மிட்வைஃப் அவசியம்."

கீழே கையொப்பம் போட்டு அனுப்பியும்விட்டார். அவர் வேலைக்கே ஆபத்தாக வரலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "போ பிள்ளே, ஆளுவ பாக்கும்" என்றார்.

அதற்குத் தாலுகாவிலிருந்து வந்த பதில்: பரிசீலனையில்.

அக்காளுக்குக் கால் வீங்கியிருக்கிறது.

ஜூன் 6, புதன்

காலையிலிருந்து வலி. பரிசீலனையில்! பரிசீலனையில்! பரிசீலனையில்!

ஜூன் 8, வெள்ளி

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நானும் அவர்களில் ஒருத்தி.

கால் முதலில் வந்தது. வயத்தாட்டிக் கிழவி தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தாள், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆண் பிள்ளை. நேற்று விடிந்து ஆறு மணிக்கு. மூன்று தடவை அழுதான். அம்மா உடனே தண்ணீர் ஊற்றினாள். உச்சிப்பொழுது வரைக்கும் இருந்தான்.

மச்சான் என்னைப் பார்த்து, "எங்கட்டி போணும்?" என்றார். புரியவில்லை எனக்கு. "அந்தக் கச்சேரி எங்க?"

இரண்டு பேரும் வெயிலில் ஓடினோம். மச்சான் படியில் நின்றார், தலைமுண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பிறப்பு ஒண்ணு எழுதணும். இறப்பு ஒண்ணு எழுதணும்."

"என்னைக்கி?"

"ரெண்டும் இண்ணைக்கித்தான்."

பார்வத்தியார் பேனாவைக் கீழே வைத்தார். "மேல வா" என்றார். "ரெண்டு பேரும் மேல வாங்க." பெஞ்சில் உட்காரச் சொன்னார். மச்சான் உட்காரவில்லை. வயது என்ற கட்டத்தில் ஆறு மணி நேரம் என்று எழுதினார். பிறப்பு வரிசை எண் 187. இறப்பு, பெரியவர்களையும் சேர்த்து, 52. தகப்பனார் பெயர் என்ற கட்டம் வந்தபோது மச்சான் தன் பெயரைச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு தடவை.

கல்லறைத் தோட்டத்துக் கதவுக்கு முன்னால் மரியஜான் மாமா சாவியோடு நின்றார். சாமியார் சனிக்கிழமைதான் வருவார். "நான் சொல்லிக்கிடுவேன்" என்றார், பூட்டைத் திறந்தார்.

ஜூன் 11

ஒன்றும் இல்லை எழுத.

ஜூலை 23

கேடயத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். துலக்கி வைத்தவர்களே கட்டி அனுப்பட்டும்.

செப்டம்பர் 24, திங்கள்

கெஜட்டு. 1109-ஆம் ஆண்டு, பனைத்துறை, பிறப்பு 228, குழந்தை இறப்பு 29, ஆயிரத்துக்கு நூற்று இருபத்தேழு. தாலுகாவில் கடைசி.

இதுவும் முழுக் கணக்கு இல்லை, பாதி வருஷத்துக்குமேல் பழைய மாதிரி எழுதினதுதான். ஆனாலும் அந்த இருபத்தொன்பதில் அவன் இருக்கிறான். விரலை வைத்துப் பார்த்தேன். அச்சு மை ஒட்டியது.

அக்டோபர் 15, திங்கள்

மத்தியானம் பஸ்ஸில் மிட்வைஃப் வந்து இறங்கினாள். சத்தியபாய் என்று பெயர். நாற்பது வயது இருக்கும், கறுத்த தகரப்பெட்டி, குடை, நல்ல வேகமான நடை. பகுதிக் கச்சேரியில் எங்கள் வீட்டைக் காட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

தண்ணீர் குடித்தாள். உட்காரும் முன்பே நோட்டை எடுத்தாள். அக்காளைப் பார்த்து, "உங்களுக்கு எத்தன பேறு?" என்றாள்.

அம்மா முந்திக்கொண்டாள். "அவளுக்கு இன்னும் ஒண்ணும்..."

"ரெண்டு" என்றாள் அக்காள்.

மிட்வைஃப் அக்காள் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டும் இருக்குதா?"

"இல்ல. ஒரு பெண்ணு, ஒரு ஆணு."

மிட்வைஃப் இரண்டையும் எழுதினாள். எந்த மாசம், எத்தனை மணி நேரம், தலையா காலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்காள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பிறகு எழுந்து மேல்முண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வாருங்க. அடுத்தது பேபி மைனி வீடு. அவளுக்கு மாசம் ஏழு. முந்தினதக் கேட்டா ஒடனே சொல்ல மாட்டா. கொஞ்சம் பொறுத்து நில்லுங்க, சொல்லுவா."

மிட்வைஃபின் குடையை வாங்கிக்கொண்டு அக்காள் முன்னால் நடந்தாள்.